தம்பி வீட்டுக்குச் சென்ற நாள்கள்

ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு முற்பகல், இரண்டு பத்தி எண்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் தம்பியின் மனைவி தன் நாவலில் என்னைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று முடிவு செய்தேன். ஐயுற்றேன் என்று சொல்வதே முறை. ஆனால் அன்று அது எனக்கு ஐயமாகத் தோன்றவில்லை. இரண்டு முறை போட்டுச் சரிபார்த்த கணக்கின் விடையாகவே தோன்றியது.

எண்கள் இருந்தது ஒரு பழைய பதிவேட்டில். ஆசிரியர்கள் அன்றன்று நடத்திய பாடத்தை எழுதி வைக்கும் பதிவேடு அது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற நாளில், எழுதப்படாத ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நாள், வகுப்பு, பாடம், குறிப்பு என்று நான்கு பத்திகள். வகுப்பு என்ற பத்தியை எனக்கு வைத்துக்கொண்டேன். பாடம் என்ற பத்தியை அவளுக்குக் கொடுத்தேன். கொடுத்தேன் என்பதும் சரியன்று. அப்படியொரு பதிவேடு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

தைப் பொங்கல் கழிந்த வாரத்தில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். பையில் கத்தரிக்காயும், அதற்கடியில் நான்காக மடித்த ஒரு வார இதழும் இருந்தன. அவ்விதழ் அறிவித்திருந்த நாவல் போட்டிக்கு ஆவணி முடிவதற்குள் கைப்படியை அஞ்சலில் சேர்த்துவிட வேண்டும். குறிப்பேட்டுத் தாளில் இருநூறு பக்கத்துக்குக் குறையக்கூடாது. எழுதிப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை, ஒருவருக்கும் சொல்லவில்லை, உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன் என்றாள். என்னிடமும் ஒரு நாவல் இருந்தது. காளையார்கோவில் பக்கத்து நிலமொன்றைப் பங்கிட்டுக்கொள்ளும் மூன்று உடன்பிறந்தவரைப் பற்றிய கதை. முதல் அத்தியாயத்தை மட்டும் பல்லாண்டுகளாகத் திருத்திக்கொண்டிருந்தேன். இருவருமே எழுதுவோம் என்று நான் சொன்னேன்.

விதியை வகுத்தவளும் நானே. நாள்தோறும் விளக்கேற்றும் வேளையில் அன்று எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையைக் கைப்பேசியில் மற்றவருக்கு அனுப்பிவிட வேண்டும். எண் மட்டும் போதும். எழுதாவிட்டால் சுழி, ஏன் எழுதவில்லை என்ற விளக்கம் வேண்டாம். வகுப்பில் சாக்குகளைக் கேட்டுக் கேட்டுச் செவி புளித்தவள் நான். என் தம்பிக்கு மட்டும் இது தெரியக்கூடாது என்பது அவள் சேர்த்த விதி. அவன் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். அவனிடம் காலையில் ஒன்றைச் சொன்னால் நண்பகலுக்குள் எல்லா வழித்தடங்களுக்கும் அது போய்விடும். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

என் பத்தி ஒழுங்காக வளர்ந்தது. ஒன்று, ஒன்று, ஒன்று. பத்து மணிக்கு அமர்ந்து நண்பகலில் எழுந்தால் ஒரு பக்கம் முடிந்திருக்கும். அதற்கு மேல் எழுதினால் நடை கெட்டுவிடும் என்பது என் நம்பிக்கை. அவள் பத்தியோ சுழிகளால் ஆனது. சுழி, சுழி, சுழி, சுழி, திடீரென்று ஆறு. பிறகு ஐந்து நாள் சுழி, மீண்டும் ஐந்து. முறையற்ற மாணவியைப் பார்க்கும் கண்ணோடுதான் முதலில் அதைப் பார்த்தேன். நெடுநாள் நீடிக்காது என்று நினைத்தேன். ஆனால் வைகாசி முடிவில் கூட்டிப் பார்த்தபோது, ஒழுங்கான நானும் ஒழுங்கற்ற அவளும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றோம். அது எனக்குப் பிடிக்கவில்லை. எப்படி என்று தேடத் தொடங்கினேன்.

விடை குறிப்புப் பத்தியில் கிடைத்தது. பழக்கத்தால் அங்கும் ஏதேனும் எழுதி வைத்திருந்தேன்: மின்தடை, முழங்கால் வலி, பிள்ளையார்பட்டி, தம்பி வீடு. தம்பி வீடு என்றிருந்த நாள்களை விரலால் தொட்டுக்கொண்டே இடப்புறம் நகர்ந்தேன். ஆறு. ஐந்து. ஐந்து. ஆறு. ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் போகாத எந்த நாளிலும் அவள் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இன்னும் ஒன்றையும் கண்டேன். அந்நாள்களில் என் கட்டத்தில் இருந்தது சுழி. பத்திலிருந்து பன்னிரண்டு வரை நான் எழுதும் நேரமே அங்குப் போய் இருக்கும் நேரமாகவும் இருந்தது. என்னிடமிருந்து ஒரு பக்கம் போகிறது. அவளிடம் ஐந்தாக முளைக்கிறது.

அதன்பின் நினைவுகள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. நான் போனவுடன் அவள் வரவேற்பாள், இரண்டு சொல் பேசுவாள், காப்பி போடுகிறேன் என்று உள்ளே போவாள். அந்தக் காப்பி வர ஒரு மணி நேரமாகும். அடுக்களையிலிருந்து பாத்திர ஓசை கேட்காது. தண்ணீர் விழும் ஓசைகூடக் கேட்காது. அவ்வளவு அமைதியாக ஒருவர் காப்பி போட இயலுமா? கதவுக்குப் பின் நின்று நான் தம்பியிடம் பேசுவதை அவள் எழுதிக்கொள்கிறாள் என்பதைத் தவிர வேறு பொருள் எனக்குப் புலப்படவில்லை. ஒருமுறை அவள் பெருவிரலில் மஞ்சளுக்கு மேல் நீல மை இருந்தது. மற்றொருமுறை, இளமையில் பள்ளி நாடகத்தில் அரசன் வேடமிட்டு மீசை கழன்று விழுந்த கதையை நான் சொல்லி முடித்தபோது, அவள் வாசற்படியில் தலையை மட்டும் நீட்டி, அதை முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டாள். அன்று அவள் அனுப்பிய எண் ஆறு.

எழுதப்படுவதற்கு நான் ஏன் இவ்வளவு அஞ்சினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தம்பிக்கு ஒக்கூரில் அவளைப் பெண் பார்த்துவிட்டு வந்தபோது நான் கணவர் வீட்டிலிருந்தேன். அங்கிருந்து தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தப் பெண் வேண்டாம் என்பதற்குக் காரணங்களை வரிசைப்படுத்தியிருந்தேன். "நாளேட்டைத் தவிர வேறு தாளைக் கண்டிராத வீடு, நம் வீட்டுப் பேச்சு அவளுக்குப் பாதி விளங்காது" என்ற தொடர் அதில் உண்டு. அதை எழுதி முடித்தபோது அதன் அமைப்பில் எனக்கு நிறைவு இருந்தது என்பதும் நினைவிருக்கிறது. தந்தை அதைப் பொருட்படுத்தவில்லை. திருமணம் நடந்தது. அவர் மறைந்த பிறகு, வீட்டிலிருந்த பாத்திரங்கள் என்னிடமும், தாள்கள் நிறைந்த தகரப் பெட்டி தம்பியிடமும் வந்தன. அந்தப் பெட்டிக்குப் பூட்டு இல்லை.

ஆகவே சோதித்துப் பார்க்கத் துணிந்தேன். ஆனியில் பத்து நாள் அப்பக்கம் போகவில்லை. பத்துச் சுழிகள் வந்தன. பதினோராம் நாள் போனேன். வேண்டுமென்றே, தம்பியிடம் பேசுவதுபோல் குரலை உயர்த்தி, நடக்காத ஒன்றைச் சொன்னேன். கல்லூரி விடுதியில் ஒருத்தியின் கம்மலை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, அவளோடு சேர்ந்து நானும் தேடினேன் என்று ஒரு கதை. தம்பி வாய்பிளந்து கேட்டான். பிறகு, பணிமனையில் காணாமற்போன ஒரு டிக்கெட் கட்டைப் பற்றி அவன் தொடங்கி, நேரம் போய்விட்டது. அன்று மாலை வந்த எண் ஏழு. அதுவரை வந்தவற்றுள் அதுவே பெரியது. அடுத்த வாரம் மீண்டும் ஒருமுறை போய் உறுதி செய்துகொண்டேன். ஐந்து. இனிப் போவதில்லை என்று தீர்மானித்தேன்.

அந்நாள்களில் என் நாவல் என்னவாயிற்று என்று கேட்டால், அதுதான் வெட்கம். மூன்று உடன்பிறந்தவருள் இளையவனுக்கு ஒரு மனைவி வேண்டியிருந்தது. அவளை மெல்லப் பேசுகிறவளாகவும், கதவுக்குப் பின் நிற்கிறவளாகவும், பிறர் வீட்டுத் தாள்களைப் படிக்கிறவளாகவும் அமைத்தேன். ஒக்கூர் என்பதை மட்டும் மாற்றினேன். பதினொரு பக்கங்கள் நான்கே நாளில் வந்தன. நாளொன்றுக்கு ஒரு பக்கமே எழுத முடியும் என்றிருந்தவளுக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதன்பின் ஒரு வரியும் வரவில்லை. விளக்கேற்றும் வேளையில் இரண்டு கைப்பேசிகளுக்கும் இடையே சுழிகள் மட்டும் போய்வந்தன.

ஆடி முழுதும் அவ்வாறே கழிந்தது. விதியை முதலில் மீறியவள் அவள். ஒரு நாள் சுழிக்குக் கீழே, "நாளைக்கு வருவீகளா அண்ணி?" என்று எழுதியிருந்தாள். மூன்று நாள் கழித்து, "ஒடம்புக்கு முடியலையா? நான் வரட்டுமா?" பிறகு ஆவணி பிறந்தவுடன், "ஒரு நாளைக்கு மட்டுமாவது வாங்கண்ணி." ஒவ்வொன்றையும் பலமுறை படித்தேன். என்மீதுள்ள அக்கறையாக அவற்றுள் ஒன்றும் எனக்குப் படவில்லை. சரக்கு தீர்ந்த கடைக்காரியின் அவசரமே தெரிந்தது. கெடு நெருங்குகிறது; எழுத நான் வேண்டும். முழங்கால் வலி என்று விடை அனுப்பினேன்.

ஆவணி நடுவில், கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, சொல்லாமல் புறப்பட்டேன். ஷேர் ஆட்டோவை அவர்கள் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லி, இறங்கி நடந்தேன். வெளிக்கதவு திறந்திருந்தது. வராந்தாவில் காலணியைக் கழற்றிவிட்டு, உள்ளிருப்போர் பார்க்காதபடி, ஒரு திருடியைப்போல் நின்றேன்.

கூடத்தில் அவள் தரையில் அமர்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தம்பி. தேவகோட்டை வண்டி ஒன்று பல்லாண்டுகளுக்கு முன் எட்டு நிமிடம் முன்னதாகப் புறப்பட்டுப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் உம் கொட்டினாள். சற்றுப் பொறுத்து எழுந்தாள். எங்கே போகிறாய் என்றான். தண்ணீர் குடிக்க என்றாள். குடித்துவிட்டு வந்து அமர்ந்தாள். கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மீண்டும் எழுந்தாள். எங்கே என்றான். கொல்லைப்புறம் துணி காய்கிறது என்றாள். அவனும் எழுந்து பின்னாலேயே போனான். திறந்திருந்த பின்கதவு வழியே தெரிந்த கொடியருகே நின்று அந்த எட்டு நிமிடத்தைச் சொல்லி முடித்தான். திரும்பி வந்தவள் ஒரு புத்தகத்தை எடுத்தாள். என்ன புத்தகம் என்று கேட்டான்; விடைக்குக் காத்திராமல் அதை அவள் கையிலிருந்து வாங்கி, விலையைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் பேருந்துக் கட்டணம் எவ்வளவு இருந்தது என்று தொடங்கினான். அவன் குரலில் கடுமை சிறிதும் இல்லை, அன்புதான் இருந்தது. அவன் பகலில் உறங்காதவன் என்பதும், தனியே ஓர் அறையில் இருக்க மாட்டாதவன் என்பதும் எனக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே தெரியும். அவனைத் தூக்கிக்கொண்டு திரிந்தவளே நான்தான். அது ஒருவருக்குப் பாரமாக இருக்கக்கூடும் என்று மட்டும் தோன்றியதில்லை.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. ஐயம் கொண்டவர் கண்ணுக்கு எதிரே இருப்பதும் பின்னால் இருப்பதன் திரையாகவே தெரியும். கனைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"வாக்கா, இப்பத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன், அக்காவ ஆளையே காணோம்னு" என்று தம்பி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டான். அவன் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது என்று எழுதுவார்களே, அதை அன்றுதான் நேரில் கண்டேன். உரித்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு, "காப்பி போடுறேண்ணி" என்று போனாள். ஓடினாள் என்றே சொல்லலாம்.

பத்து நிமிடம் பொறுத்தேன். தம்பி தேவகோட்டை வண்டியை மறுபடி முதலிலிருந்து எடுத்தான். தண்ணீர் வேண்டும் என்று சொல்லி எழுந்தேன். என்னை எங்கே போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. அக்காவைக் கேட்க மாட்டான்.

அடுக்களையில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. கிரைண்டரின் மூடிமேல் குறிப்பேட்டை வைத்து, நின்றபடியே அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் அல்ல; கதவிலிருந்து எவ்வளவு தொலைவு போக முடியுமோ அவ்வளவு தொலைவில், சன்னல் ஓரத்தில். அங்கிருந்து கூடத்துப் பேச்சு முணுமுணுப்பாகத்தான் கேட்டது.

"என்னைத்தானே எழுதுற?" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "உங்களையா?"

"நான் வந்த நாளெல்லாம் அஞ்சு, ஆறு. வராத நாளெல்லாம் சுழி. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள், சிரிப்பு வெளியே போய்விடாமல் புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். "அதுல உங்க தம்பிக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தீகன்னா வெளங்கியிருக்கும் அண்ணி. நீங்க வந்தா அவுக உங்ககிட்ட உக்காந்துருவாக. ரெண்டு மணி நேரத்துக்கு என்னைத் தேட மாட்டாக. எனக்கு வாரத்துல கெடைக்கிறதே அந்த ரெண்டு மணி நேரந்தான்."

"மீசை விழுந்த கதைய ஏன் திரும்பச் சொல்லச் சொன்ன?"

"நீங்க கெளம்புற மாதிரி இருந்துச்சு. எனக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்துச்சு."

அவள் பால் பாத்திரத்தைத் தேடி எடுத்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடி, காய்ச்சலுக்கு மருந்து சொல்வதுபோன்ற சாதாரணக் குரலில் சொன்னாள்: "உங்கள எழுதணும்னு நெனச்சிருந்தா, உங்க அப்பச்சிக்கு நீங்க எழுதுன காயிதத்தையே ஒட்டி வச்சிருப்பேன்ல. அதுக்கு மேல நான் என்ன எழுதிற முடியும்?"

எப்போது படித்தாய் என்று கேட்டேன். தகரப் பெட்டி வந்த வாரமே என்றாள். அது நடந்து பதினாறு ஆண்டுகள். அந்தப் பதினாறு ஆண்டுகளில் அவள் எனக்குப் போட்டுத் தந்த காப்பிகளை நினைத்தேன்.

கூடத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. "காப்பி போடுறியா, இல்ல காப்பிக்கொட்ட பறிக்கப் போயிட்டியா?"

அவள் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினாள். பக்கங்களைப் புரட்டினேன். பிள்ளையார்பட்டிக்கு வரும் கூட்டத்துக்குச் சமைக்கும் மூன்று பெண்கள். ஒருத்தியின் கை வெந்துபோகிறது. மற்ற இருவரும் அதை முதலாளிக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள். பேச்சு நடைதான், நான் திருத்தியிருக்கக்கூடிய இடங்கள் பக்கத்துக்கு இருபது இருந்தன. தேடித்தேடிப் பார்த்தும் ஒரு நாத்தனார்கூட இல்லை. நிம்மதியாக இருந்தது. அதோடு, ஒப்புக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது, சிறிது ஏமாற்றமும் இருந்தது.

"எத்தனை பக்கம் பாக்கி?"

"எழுவது."

"நாள்?"

"பதினாலு" என்றாள். அதற்கு அவள் நாள்காட்டியைப் பார்க்கவில்லை.

காப்பி வேண்டாம், எழுது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசற்படியைத் தாண்டுமுன் அவள் கேட்டாள்: "உங்க கதையில நான் இருக்கேனாண்ணி?"

"இல்லை" என்றேன். எங்களுக்குள் பேசும் பேச்சில் 'இல்ல' என்றிருப்பேன். மேடையில் சொல்வதுபோல் 'இல்லை' என்று வந்தது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை, எழுதத் தொடங்கிவிட்டாள்.

தம்பியின் எதிரே போய் அமர்ந்தேன். அன்று மழையில் பணிமனைக்குள் தண்ணீர் புகுந்ததே, அதைச் சொல் என்றேன். அதை நான் எத்தனையோ முறை கேட்டிருந்தேன். அவன் கண்கள் விரிந்தன. நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பதினான்கு நாளும் போனேன். ஆட்டோக்காரர் மூன்றாம் நாளிலிருந்து இடம் கேட்பதை விட்டுவிட்டார். பதிவேட்டில் அவள் பத்தி ஐந்துகளாலும் ஆறுகளாலும் நிறைந்தது. என் பத்தியில் சுழிகள். என் நாவல் அந்த ஆவணியைத் தாண்டிவிட்டது. இந்த ஆண்டு போட்டிக்கு அது போகவில்லை. பதினொரு பக்கங்களைக் கிழித்ததைப் பதிவேட்டில் எவ்வாறு குறிப்பது என்று தெரியவில்லை. எழுதியதைக் கூட்டத்தான் அதில் இடமுண்டு. குறிப்புப் பத்தியில் 'தம்பி வீடு' என்று மட்டும் எழுதினேன். இவை நடந்துகொண்டிருந்தபோது தம்பி ஒருமுறை, இப்போதெல்லாம் உனக்கு முழங்கால் வலி இல்லையா என்று கேட்டான். டைம் கீப்பர் அல்லவா. என் வருகையின் கணக்கு அவனிடமும் இருந்திருக்கிறது.

கெடுவுக்கு முதல் நாள், கட்டுப் போட்ட கைப்படியோடு அவள் என்னை அஞ்சலகத்துக்கு அழைத்துப் போனாள். கட்டுவதற்கு முன் பிழை பார்த்துத் தருகிறேன் என்று வாங்கியிருந்தேன். கடைசி அத்தியாயம் மட்டும் அதில் இல்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணி என்று முன்பே எடுத்து வைத்துவிட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அச்சுல வந்தாப் படிங்க" என்றாள். அவள் முகத்தில் குறும்பு இருந்ததா, கூச்சம் இருந்ததா என்று அஞ்சலக வாசலில் நின்று நெடுநேரம் ஆராய்ந்தேன். கிடைக்கவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை. நான் வாரம் இருமுறை அங்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அவள் அடுத்ததைத் தொடங்கியிருக்கிறாள். தம்பி பேசும்போது என் செவி அடுக்களைப் பக்கமே இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் ஒரு கடிதம் இருக்கிறது என்று எனக்கு ஏறத்தாழ உறுதி. தகரப் பெட்டியைத் திறந்து, என் கடிதம் அங்கிருந்து எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அது கூடத்து மூலையில்தான் இருக்கிறது. அதற்கு இன்றும் பூட்டு இல்லை. நான் திறக்கவில்லை. அவள் அத்தியாயத்தில் அது இருந்தால், நான் எழுதியவாறே இருக்கட்டும். அதில் அவள் ஒரு சொல்லையும் திருத்தியிருக்க வேண்டாம்.